டெஸ்மண்டுக்கு ஆகாத கோதுமை

ஷரோன் குவாலிச் சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். முதல் தடவை சோப்புப் போட்டுத் தேய்த்தாள். இரண்டாம் தடவை புளி போட்டு. மூன்றாம் தடவை கோபம் போட்டு. கைப்பிடியில் சிவப்பு நூல் கட்டிய அந்தக் குவாலி அவளுக்கு மட்டும். புருஷனுக்கென்று பெரிய குவாலி தனியாகத் தொங்குகிறது. ஆனாலும் டெஸ்மண்ட் காலையில் எழுந்து, தேடிப் பிடித்து, இதில்தான் கோதுமை நூடுல்ஸ் மீ பிரட்டித் தின்றிருந்தான்.

“ஏங்க, எத்தன தடவ சொல்றது?”

“கழுவி வெச்சேன்லா.”

“தண்ணி காட்டி வெச்சிருக்கீங்க.”

“ஒரு துண்டு மீ ஒட்டியிருந்தா செத்தாப் போயிடுவ?”

சாகமாட்டாள். அதுதான் கஷ்டமே. செத்துப்போனால் எல்லாரும் நம்பியிருப்பார்கள். வயிறு பானையாக உப்பி, வாயெல்லாம் புண்ணாகி, கட்டிலுக்கும் கழிப்பறைக்கும் நடையாய் நடந்தால் யார் நம்புகிறார்கள்? குழந்தை ரெனீ பிறந்த பிறகு வந்த கோளாறு. அவள் குடலுக்குக் கோதுமை ஆகாது, பார்லியும் ஆகாது என்று டாக்டர் சொன்னார். சொல்லிவிட்டு அவர் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டுவிட்டார். புக்கிட் ரம்பாய் வீட்டுக்குத் திரும்பி வந்து அதோடு குடித்தனம் நடத்த வேண்டியவள் ஷரோன்தான்.

ரொட்டியையும் மீயையும் விட்டால் போதும் என்றுதான் அவளும் நினைத்தாள். அப்புறம்தான் தெரிந்தது, கோதுமை பெரிய கள்ளன். சோயா கிச்சாப்பில் ஒளிந்திருக்கும். மீன் உருண்டையில் ஒளிந்திருக்கும். கட்டிப் பெருங்காயத்தில்கூட மாவைக் கலந்திருப்பார்கள். வேறு யார் வேண்டுமானாலும் துரோகம் செய்யலாம், சாம்பாருமா செய்யும் என்று அவள் அன்றைக்கு அழுதிருக்கிறாள்.

அன்பியம் ஜெபக்கூட்டம் வாரம் ஒரு வீட்டில் நடக்கும். ஜெபமாலை முடிந்ததும் மாவில் மடித்துப் பொரித்த கறிபாஃப், கிச்சாப் ஊற்றிய மீகூன், கேக். “ஒரு வாய் சாப்பிட்டா என்னம்மா ஆயிடும்?” என்று ஒரு வீட்டில் கேட்பார்கள். “எங்க வீட்டுச் சாப்பாடு ஒனக்கு எறங்காதோ?” என்று இன்னொரு வீட்டில். கூச்சக்காரிக்குப் பதில் வராது. பிள்ளைக்கு வேடிக்கை காட்டுவதுபோல வாசலுக்குப் போய் நின்றுகொள்வாள். கோயிலில் நற்கருணை அப்பமும் கோதுமைதான். ஃபாதரிடம் தனியாகப் போய்க் கேட்க அவளுக்கு வாய் எழவில்லை. எல்லாரும் வரிசையில் போகும்போது பெஞ்சில் இவள் ஒருத்தி உட்கார்ந்திருப்பாள். இந்தப் பெண் என்ன பாவம் செய்துவிட்டு வந்திருக்கிறதோ என்று பின்வரிசை மண்டையை உடைத்துக்கொள்ளும்.

போன கிறிஸ்மஸுக்கு பத்து பெரண்டாமில் இருக்கும் டெஸ்மண்டின் அக்கா பாட்ரீசியா வீட்டுக்கு ஷரோன் தன் சோற்றை டப்பாவில் கட்டிக்கொண்டு போனாள். அவ்வளவுதான். டெஸ்மண்டின் மானம் விமானம் ஏறிவிட்டது. வருகிற ஞாயிற்றுக்கிழமை பாட்ரீசியாவின் மகன் ரையனுக்குப் பிறந்தநாள்.

குவாலி கழுவி முடிவதற்குள் டெஸ்மண்ட் ஒரு சபதம் எடுத்தான். சமையற்கட்டு நடுவில், கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, சாட்சிக்கு ரெனீயை இடுப்பில் வைத்துக்கொண்டு எடுத்தான்.

“இந்த வாரம் பூரா நானும் கோதுமையத் தொடமாட்டேன். பார்லியையும் தொடமாட்டேன். மொகஞ்சுளிக்காம இருந்து காட்டுறேன். நான் ஜெயிச்சா, ரையன் பர்த்டேக்கு நீ டப்பா தூக்கக்கூடாது. அக்கா குடுக்குற கேக்க எல்லாரு முன்னாலயும் சாப்பிடணும். சரியா?”

“நீங்க தோத்தா?”

“நானா?” அவன் சிரித்தான். “தோத்தா, இனிமே போற வீட்டுல எல்லாம் ஒனக்காக நானே பேசறேன்.”

ஷரோனுக்கு வேண்டியது அந்த ஒன்றுதான். தனக்காக யாராவது வாயைத் திறக்கவேண்டும். ஒரு வாரம் பட்டினி கிடந்தாலாவது இந்த மனுஷனுக்குப் புரியாதா என்று தலையாட்டிவிட்டாள்.

முதல் நாள் சாயங்காலம் பெருமையாக வந்தான். “மாமாக் கடைல எல்லாரும் ரொட்டி சானாய். நான் மட்டும் தோசை!”

“ரொட்டி சானாய் போட்ட கல்லுலயா ஊத்துனாங்க?”

டெஸ்மண்டின் முகம் ஆறிப்போன தோசை மாதிரி ஆனது. “சரி, ஒரு மைலோவாவது போடு.”

“அதுல பார்லி இருக்குங்க.”

“பிஸ்கெட்டு?”

ஷரோன் அவனைப் பார்த்தாள்.

“சரிலா, சரிலா. பச்சத்தண்ணி குடு. அதுல என்ன இருக்கு?”

மறுநாள் ஃபேக்டரி கேண்டீனில் வெறும் சோறும் அவித்த முட்டையும். கூட வேலை பார்க்கும் வீரமுத்து, “என்னடா, பத்தியச் சாப்பாடு? பிரசவம் ஆயிருக்கா?” என்று கேட்டானாம். கேண்டீனே சிரித்ததாம். டெஸ்மண்ட் தட்டை எடுத்துக்கொண்டு மூலை மேசைக்குப் போய்விட்டானாம். இதை அவன் உலகமகா அநியாயமாகச் சொன்னான். ஷரோன் பொறுமையாகக் கேட்டாள். அந்த மூலை மேசையில் அவள் எத்தனை காலமாக உட்கார்ந்திருக்கிறாள் என்று அவன் கேட்பான் என்று காத்திருந்தாள். அவன் முட்டையில் உப்பில்லை என்றுதான் சொன்னான்.

புதன்கிழமை ஓவர்டைம் என்று தாமதமாக வந்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தான். சட்டையெல்லாம் மொறுமொறுவென்று துகள். தஞ்சோங் கிளிங் கடலோரத்தில் காரை நிறுத்தி, கண்ணாடியை ஏற்றிவிட்டு, மனிதன் தனியாக உட்கார்ந்து ரொட்டி சானாயை வெளுத்துக் கட்டியிருக்கிறான். கறி வாசனை காரை விட்டு இறங்கி அவனுக்கு முன்னால் வீட்டுக்குள் வந்தது.

“என்னங்க, வயிறு வலியா?”

“பசி! பசியில சுருட்டிப் பிடிக்குது! ஒன்னாலதான்!”

ஷரோன் சட்டையை உதறிக் காயப்போட்டாள். கேட்டால் இல்லை என்பான். அவன் சத்தம் பெரிது. ஞாயிற்றுக்கிழமை கேக்கைத் தின்றுவிட்டு, திங்கட்கிழமை பிள்ளையைத் தூக்கத் தெம்பில்லாமல் கிடக்கப்போவதை நினைத்துக்கொண்டு அவள் வாசல் விளக்கை அணைத்தாள்.

வெள்ளிக்கிழமை பாட்ரீசியா போன் போட்டாள்.

“ஷரோன், அந்த டப்பாவத் தூக்கிட்டு வராதம்மா. நான் என்னமோ ஒனக்கு வெஷம் வெக்கிற மாதிரி ஆளுங்க பாக்குறாங்க.”

“இல்லங்க அண்ணி...”

“நாங்கல்லாம் திங்கல? கோதுமைதான?”

ஷரோனின் வாயில் இருந்த ஒரே செய்தி வெளியே வந்தது. “அவரும் இப்ப கோதுமை சாப்பிடுறதில்லீங்க அண்ணி.”

பாட்ரீசியாவின் குரல் மாறியது.

“யாரு? என் தம்பியா?”

“ஆமாங்க.”

“வயித்துக்கு ஏதும் பண்ணுதா?”

“புதன்கெழம ராத்திரி வயித்தப் பிடிச்சிட்டுத்தான் வந்தாரு.”

“ஐயோ, ஆண்டவரே! எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல பாரு! சின்னதுலயே அவனுக்கு நோஞ்சான் ஒடம்பும்மா!”

டெஸ்மண்டின் உடம்பைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். ஷரோன் அதைச் சொல்லவில்லை.

“அவனுக்கு என்னென்ன ஆகாது? ஒண்ணு விடாம சொல்லு.”

ஷரோன் சொன்னாள். கிச்சாப் சொன்னாள். “கிச்சாப்புலயுமா!” பெருங்காயம் சொன்னாள். “அடப்பாவமே!” பீர் சொன்னாள். கரண்டி மாறக்கூடாது, குவாலி மாறக்கூடாது என்று சொன்னாள். ஆயுசுக்கும் அவள் அவ்வளவு நேரம் போனில் பேசியதில்லை. மூன்று வருஷமாகக் காது கிடைக்காமல் தொண்டையில் கிடந்ததெல்லாம் வரிசையாக இறங்கிப் போனது. ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. போனை வைத்த பிறகுதான் உறைத்தது, உனக்கு எப்படி இருக்கு என்று அண்ணி கேட்கவேயில்லை.

ஞாயிற்றுக்கிழமை டெஸ்மண்ட் விசில் அடித்துக்கொண்டே கார் ஓட்டினான். “தோத்துட்ட ஷரோன். மொத துண்டு கேக்கு ஒனக்குத்தான்.”

வாசலிலேயே பாட்ரீசியா பாய்ந்து வந்து தம்பியின் இரண்டு கன்னத்தையும் பிடித்தாள். “எப்புடி எளச்சிட்ட!”

மேசையைப் பார்த்து ஷரோன் நின்றுவிட்டாள். கிச்சாப் இல்லாமல் வெள்ளையாகப் பிரட்டிய அரிசிச் சேமியா மீகூன். அரிசி மாவு தூவிப் பொரித்த கோழி. பெருங்காயம் போடாத சாம்பார். கடையில் வாங்கிய கேக்கும் கறிபாஃபும் தூரத்தில், பிள்ளைகளுக்கென்று தனி மேசையில் இருந்தன. அதன் பக்கத்தில் பாட்ரீசியாவின் புருஷன் ரொனால்ட் போலீஸ்காரர் மாதிரி நின்றார்.

டெஸ்மண்ட் அந்த மேசையிலிருந்து ஒரு கறிபாஃபை எட்டினான். பட்டென்று கையில் அடி விழுந்தது.

“அக்கா, எனக்கு ஒண்ணும் இல்லக்கா. இவளுக்குத்தான்!”

“சீ! சீக்க பொண்டாட்டி தலைல கட்டாதடா! பாவம், ஒனக்குத் தொணையா இவளும்ல வாயக் கட்டிட்டுக் கெடக்குறா!”

ரொனால்ட் வந்து, அவன் அடுத்து எடுத்த பீரை மெதுவாக உருவிக்கொண்டார். “பார்லி இருக்காம் மச்சான். ஷரோன் சொல்லுச்சு.” பதிலுக்கு ஒரு கிளாஸ் ரோஸ் சிராப்பைக் கொடுத்தார்.

ஷரோன் மீகூனை ஒரு வாய் வைத்தாள். உப்பு கொஞ்சம் தூக்கலாக இருந்தது. இன்னொருத்தர் சமைத்ததைப் பயப்படாமல் சாப்பிட்டு எவ்வளவு காலமாயிற்று! கண் கலங்கியது. மிளகாய் என்று சொல்லிக்கொண்டாள். இத்தனையும் அவளுக்காகச் செய்ததில்லை. இருந்தாலும் இன்னொரு வாய் எடுத்தாள்.

டெஸ்மண்ட் சிராப் கிளாஸோடு அவளைச் சமையற்கட்டு ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு போனான்.

“ஷரோன், அக்காகிட்ட உண்மையச் சொல்லிடு.”

“மூணு வருசமா சொல்லிட்டுத்தாங்க இருக்கேன். நம்ப மாட்டேங்குறாங்க.”

“அடுத்த வாரம் சித்தப்பா வீட்டுக் கல்யாணம். அங்கயும் எனக்குக் கோதுமை ஆகாதுன்னு அக்கா சொல்லிட்டாளாம்!” அவன் குரல் உடைந்தது. “இது எத்தன நாளைக்கு?”

“அதுக்கு மருந்து கெடையாதுங்க. டாக்டர் அன்னிக்கே சொன்னாரு, சாகுற வரைக்கும் இப்படியேதான் நம்ம...”

“ஷரோன்! எங்கம்மா போன?” கூடத்திலிருந்து பாட்ரீசியா கூப்பிட்டாள். “வா, எம் பக்கத்துல எடம் புடிச்சு வெச்சிருக்கேன்!”