அவர் திட்டினால் ஆளுக்குக் கிராக்கி

"நான் ஆளாக்கி வைப்பேனாம், அவனுங்க அலுங்காம வந்து அள்ளிக்கிட்டுப் போவானுங்களாம்."

பல் விளக்கும்போது இது ஒரு தடவை, சாப்பிட உட்காரும்போது ஒரு தடவை, செருப்பை மாட்டும்போது கடைசியாக ஒரு தடவை. என் வீட்டுக்காரர் எங்கள் ஊர்க் கால்பந்து அணிக்கு மேனேஜர். அவர் இதைச் சொல்ல ஆரம்பித்து மூன்று வருடமாகிறது. முதல் வருடம் பதில் சொன்னேன். இரண்டாம் வருடம் "ம்" கொட்டினேன். இப்போதெல்லாம் மிக்ஸியைப் போட்டுவிடுகிறேன்.

இவர் மாதிரி ஆட்களுக்கு நான் வைத்திருக்கும் பெயர் பொத்தி வைப்பவர். நீங்களும் பார்த்திருப்பீர்கள். கையில் ஒரு நல்ல ஆள் கிடைத்துவிட்டால் போதும், அடுத்தவன் கண்ணில் பட்டுவிடுமோ என்று உள்ளங்கையை மூடிக்கொள்வார்; மூடின கைக்குள் அந்த ஆளுக்கு மூச்சு முட்டுகிறதா என்று மட்டும் பார்க்க மாட்டார்.

எங்கள் அணி தோற்றுக்கொண்டிருந்த வரைக்கும் ஒரு தொல்லையும் இல்லை. ஒரு நாய்கூட எட்டிப் பார்க்கவில்லை. மூன்று வருடத்துக்கு முன்னால் தவறிப்போய்க் கோப்பையை ஜெயித்துவிட்டோம். பிடித்தது சனி. ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு அணி இருக்கிறது, அதன் மேனேஜருக்கு எங்கள் வீட்டில் பெயர் அக்கரைக்காரர். கோப்பைக்குப் போட்ட மாலை வாடுவதற்குள், காலி நாற்காலிக்கெல்லாம் ஆள் பிடித்து டிக்கெட் விற்ற பெண்ணை அவர் கூப்பிட்டுக்கொண்டார். அடுத்த மாதம், தெருவில் பந்து உதைக்கும் பையன்களில் எவன் தேறுவான் என்று பார்த்துச் சொல்கிறவர் போனார். அதற்கடுத்த மாதம், ஓட்டப் பயிற்சி கொடுக்கிற உதவிக் கோச்.

இவர் என்ன செய்தார்? சம்பளத்தைக் கூட்டிக் கொடுத்தாரா? இருங்கப்பா என்று வாய் திறந்து ஒரு வார்த்தை சொன்னாரா? அதெல்லாம் சாதாரண மனுஷர்கள் செய்கிற காரியம். இவர் பால்கனியில் நான் காயப்போட்ட துணிகளுக்கு நடுவே ஒரு மணி நேரம் உலாத்திவிட்டு, ஈரத் துண்டு ஒன்று தோளில் விழுந்தது தெரியாமல், ஒரு தந்திரத்தோடு உள்ளே வந்தார்.

இனிமேல் நல்ல ஆளைப் பேப்பரில் திட்டுவது. உருப்படாத ஆளை மேடை போட்டுப் புகழ்வது. அக்கரைக்காரர் ஏமாந்து குப்பையை அள்ளிக்கொண்டு போவார், நமக்கு இடமும் காலியாகும்.

அந்த சீசன் முழுக்க எங்கள் வலைக்குள் போனது ஆறே கோல். கோல்கீப்பருக்குச் சொல்லிக் கொடுத்தவரைப் பற்றி இவர் பேப்பர்காரரிடம், அந்த ஆள் மைதானத்தில் என்னதான் செய்கிறான் என்று ஆண்டவனுக்கே வெளிச்சம் என்றார். எங்கள் அணியின் செய்தித் தொடர்பாளர் ஒருத்தர் உண்டு. மாட்ச் தேதியைத் தப்பாகப் போட்டு, முந்நூறு பேரைக் காலி மைதானத்தில் ஒன்றரை மணி நேரம் புல்லைப் பார்க்க வைத்தவர். அவரைப் போல ஒரு மூளை இந்த விளையாட்டிலேயே கிடையாது என்று இவர் மைக் கிடைத்த இடத்திலெல்லாம் சொன்னார்.

அக்கரைக்காரர் என்ன, காதில் பூ வைத்தவரா? ஆறு கோலை எண்ண அவருக்கு ஒரு கை விரலோடு ஒரு விரல் சேர்ந்தால் போதாதா? கோல்கீப்பர் கோச் அந்த மாதமே அக்கரை போனார். செய்தித் தொடர்பாளர் இன்றுவரை இங்கேதான் இருக்கிறார். இரண்டு வருடப் புகழ்ச்சி. ஆள் அசையவில்லை.

அதற்கப்புறம் நடந்த கூத்தைக் கேளுங்கள். இவர் யாரைத் திட்டுகிறார் என்று பார்ப்பதற்காகவே அக்கரையில் எங்கள் ஊர்ப் பேப்பரை வரவழைக்க ஆரம்பித்தார்கள். காலையில் திட்டு அச்சாகும், சாயங்காலம் அந்த ஆளுக்கு போன் வரும். இது எங்கள் ஆட்களுக்கும் தெரிந்துபோனது. முட்டிக்குக் கட்டுப் போடுகிற டாக்டர் ஒருநாள் அரை டஜன் ஆப்பிளோடு வீட்டுக்கே வந்துவிட்டார்.

"சார், வீட்ல மாடி எடுக்கணும். பேப்பர்ல என்னைப் பத்தி ரெண்டு வரி திட்டிவிட்டீங்கன்னா ரொம்ப உபகாரமா இருக்கும்."

இவர் பதறிப்போய் மாட்டேன் என்றார். டாக்டர் ஆப்பிளைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்.

நல்ல ஆட்கள் எல்லாரும் போய்க் கடைசியில் மிஞ்சியது ஒரே ஒருவன், கார்னர் தம்பி. உதவிக் கோச். மைதானத்தின் மூலையிலிருந்து பந்தைத் தூக்கி அடிக்கிறார்களே, அந்த கார்னர் உதைக்கு யார் எங்கே நிற்பது, யார் ஓடுவது போல ஓடி நின்றுவிடுவது என்று யோசித்துச் சொல்வதுதான் அவன் வேலை. கோப்பையை ஜெயித்த கோலே அவன் போட்ட கணக்குத்தான். வீட்டுக்கு வந்தால் என் டம்ளர்களை எல்லாம் மேஜையில் பரப்பிவைத்து நகர்த்திக்கொண்டிருப்பான். எத்தனை தடவை டம்ளர் இல்லாமல் கிண்ணத்தில் காபி குடித்திருக்கிறேன் என்று எனக்குத்தான் தெரியும்.

இவனைப் புகழ்ந்தாலும் பயம், திட்டினாலும் பயம். அதனால் இவர் அவன் பேச்சையே எடுப்பதில்லை. பேப்பர்காரர் கேட்டால், யாரு, அப்படி ஒருத்தர் இருக்காரா என்பார். மூன்று வருடம் இப்படியே.

போன வாரம் மதியம், இவர் இல்லாத நேரமாகப் பார்த்துத் தம்பி வந்தான். சமையலறை வாசலில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தான். அக்கரையிலிருந்து வேலைக்குக் கூப்பிட்டுக் கடிதம் வந்திருக்கிறது, திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும் என்றான். அவன் இல்லாவிட்டால் அணி பழையபடி தோற்கும், இவர் வேலையும் போகும். அது எனக்குத் தெரியாதா? போகணும்னு ஆசையா தம்பி என்று கேட்டேன்.

"ஆசையெல்லாம் இல்லக்கா. ஆனா கோல்கீப்பர் கோச்சுல இருந்து போன எல்லாரையும் சார் ஒரு தடவையாவது திட்டினாரு. என்னை மூணு வருஷத்துல திட்டக்கூட இல்ல."

சொல்லிவிட்டு, பழக்க தோஷத்தில் என் உப்பு டப்பாவை நகர்த்திச் சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் நிறுத்தினான்.

சாயங்காலம் இவர் வந்ததும் பிடித்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை ஆண்டு விழா வருகிறது, அத்தனை பேர் முன்னால் அவனைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லித் தொலையுங்கள் என்றேன். தலையை ஆட்டினார். சொன்னபடி சொல்லவும் சொன்னார். இந்தத் தம்பி இல்லாவிட்டால் நான் இல்லை, கோப்பை இவனுடையது என்று மைக்கில் பேசினார்.

கூடத்தில் இருந்த அத்தனை தலையும் தம்பி பக்கம் திரும்பியது.

இவர் புகழ்ந்தால் என்ன அர்த்தம் என்று அங்கே தெரியாதவர் யார்? தம்பியின் முகம் சுண்டிப்போனது. கடைசி வரிசையில் வேவு பார்க்க வந்து உட்கார்ந்திருந்த அக்கரை ஆள் போனை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தான். செய்தித் தொடர்பாளர் மட்டும் எழுந்து வந்து, எனக்கு ஜோடியா ஒரு ஆள் சேர்ந்தாச்சு என்று தம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

இவர் வெற்றி வீரர் மாதிரி வீட்டுக்கு வந்தார். பின்னாலேயே தம்பி வந்தான். அக்கரையில் இப்போதைக்கு ஆள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். அதுகூடப் பரவாயில்லையாம்.

"நான் அவ்வளவு மோசமா சார்?"

"டேய், நெஜமாத்தான் சொன்னேன்."

"செய்தித் தொடர்பாளரைப் பத்தியும் இப்படித்தான் சார் சொன்னீங்க."

புகழ்ந்தால் வசவு, திட்டினால் சிபாரிசு. மூன்று வருடமாக வார்த்தைகளைத் தலைகீழாக அடுக்கிவைத்த மனுஷருக்கு, நேராக நிற்க ஒரு வார்த்தைகூட மிச்சமில்லை. நான் உள்ளே போய், இருந்த டம்ளரையெல்லாம் அள்ளிவந்து மேஜையில் டமாலென்று கொட்டினேன். இவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"கோப்பை ஜெயிச்சோமே, அந்தக் கார்னர். அது எப்படின்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் புரியலப்பா. சொல்லிக் குடேன்."

தம்பி நின்றான். அவர் முகத்தைப் பார்த்தான். மெதுவாக ஒரு டம்ளரை எடுத்து மூலையில் வைத்தான். அன்றைக்கும் நான் கிண்ணத்தில்தான் காபி குடித்தேன்.

மறுநாள் பேப்பர்காரர் கேட்டதற்கு இவர் உண்மையைச் சொன்னார், அவன் சொல்றது எனக்குப் பாதிக்கு மேல புரியலை என்று. செவ்வாய்க்கிழமை அது பெரிய எழுத்தில் வந்தது: 'உதவிக் கோச் சொல்வது புரியவில்லை, மேனேஜர் புலம்பல்.' அடித்துப் பிடித்துக்கொண்டு அக்கரையிலிருந்து போன். சம்பளம் இரண்டு மடங்கு.

தம்பி என்ன சொன்னான் தெரியுமா? சாருக்குப் பாதிதான் புரிந்திருக்கிறது, முழுசாகப் புரிய வைத்துவிட்டு வருகிறேன் என்றானாம். என் வீட்டுக்காரருக்கு ஒரு விஷயம் முழுசாகப் புரிய எவ்வளவு நாள் ஆகும் என்பது கட்டிக்கொண்ட எனக்குத்தான் தெரியும். பத்து வருடத்துக்குக் கவலையில்லை.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். உங்கள் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிற டீச்சர் எப்படி என்று எதிர்வீட்டு அம்மா கேட்டபோது என்ன சொன்னீர்கள்? ஏதோ வர்றாங்க, போறாங்க என்றுதானே? உங்கள் ஆபீஸில் உங்கள் வேலையையும் சேர்த்துச் செய்கிற அந்தப் பெண்ணைப் பற்றி மேலதிகாரி விசாரித்தபோது? என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு அளவெடுக்காமலே ரவிக்கை தைக்கிற டெய்லரைப் பற்றிப் பக்கத்து வீட்டில் நான் சொல்லி வைத்திருப்பதை அவர் கேட்டால் கத்தரிக்கோலோடு வருவார்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு அக்கரை அணியோடு மாட்ச். தேதியைச் செய்தித் தொடர்பாளரிடம் கேட்காதீர்கள், நான் சொல்வதை நம்புங்கள். அவசியம் போய்ப் பாருங்கள். கார்னர் உதை வரும்போது கோட்டுக்கு வெளியே ஒல்லியாக ஒருவன் கையை ஆட்டிக்கொண்டிருப்பான், பக்கத்தில் ஒரு தொப்பைக்காரர் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருப்பார். இரண்டு பேருக்கும் நன்றாகக் கை தட்டுங்கள்.

வெளியே வரும்போது யாராவது அந்தப் பையன் எப்படி என்று கேட்டால் மட்டும், சுமார்தான் என்று சொல்லிவிடுங்கள்.