உதிராத ஒரு கதிர்

அன்புள்ள மச்சானுக்கு,

இங்கு நலம், அங்கும் அப்படியே இருக்கட்டும். மற்ற விசாரிப்புகளைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன், கை பரபரக்கிறது.

உங்கள் தங்கை ஆராய்ச்சி செய்யும் இடத்தில் கூரை ஒழுகியதால், காட்டு நெல் தொட்டிகளை நம் வீட்டுக் கூடத்தில் கொண்டுவந்து வைத்திருக்கிறாள். போன வாரம் வெளியூர்க் கருத்தரங்குக்குக் கிளம்பும்போது, "கதிருக்கெல்லாம் காகிதப் பை மாட்டிடுங்க. காட்டு நெல்லு முத்தினா தானா உதிர்ந்துடும். ஒண்ணோட ஒண்ணு கலந்தா ரெண்டு வருஷ உழைப்பு போச்சு"ன்னு சொல்லிட்டுப் போனா. நானும் ஒண்ணு விடாம மாட்டினேன். அப்புறம் துவைச்ச சட்டையைக் காயப்போட்டு, ஃபேனை முழு வேகத்துல விட்டுட்டுக் குளிக்கப் போனேன். எலக்ட்ரீஷியன் வீட்டு ஃபேன் எப்படிச் சுத்தும்னு உங்களுக்குத் தெரியாததா. வந்து பார்த்தா பையெல்லாம் பறக்குது, நெல்லு சோபா இடுக்குல, செருப்புக்குள்ள, மிக்சி ஜாருக்குள்ள. அப்பதான் கவனிச்சேன், மூலைத் தொட்டியில ஒரு கதிர்ல ஒரு மணிகூட உதிரலை. உங்க தங்கச்சிக்குப் போன் போட்டுச் சொன்னேன். திட்டுவான்னு பார்த்தா, கேள்விதான் வந்துச்சு.

"ஆட்டிப் பார்த்தீங்களா?"

"ஃபேனே ஆட்டிச்சு."

"நாம சாப்பிடற நெல்லுலயும் உதிர வைக்கிற அதே மரபணு இருக்குங்க. ஆனா மணி காம்போட சேர்ற இடத்துல மட்டும் அது வேலை செய்யாது, சுவிட்ச் மாறிப்போச்சு. அந்தக் காலத்து ஜனங்க உதிராம நின்னதையே அறுத்து, அதையே திரும்பத் திரும்ப விதைச்சு இப்படி ஆக்கிட்டாங்க. காட்டு நெல்லுல அது தானா வந்திருந்தா பெரிய கண்டுபிடிப்புங்க. அதைத் தொடாதீங்க. உடனே கிளம்பறேன்."

பல்பு அதேதான், சுவிட்ச்தான் வேறன்னா எனக்குப் புரியாதா மச்சான். அந்த நிமிஷத்துலேருந்து ஃபேனை நிறுத்திட்டு, வேர்த்து ஊத்த ஊத்த, தும்மல் வந்தா சமையலறைக்கு ஓடித் தும்மிட்டு, அந்தக் கதிருக்குக் காவல் இருக்கேன். மாடி வீட்டுக்காரரைக்கூட உள்ள விடலை. உங்க தங்கச்சி பேரு எங்கேயோ போகப்போகுது. உடனே லீவு போட்டுட்டு வாங்க. போட்டோ எடுக்கறப்ப நீங்க பக்கத்துல நிக்கணும், தொட்டியை நான் பிடிச்சுக்கறேன்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நன்றாகப் படித்து நீடூழி வாழட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை வீட்டுக்காரன்

பின்குறிப்பு: உறையை ஒட்டறதுக்குள்ள உங்க தங்கச்சி வந்துட்டா. தோள் பையைக்கூட இறக்காம உட்கார்ந்து, விரல் நுனியால கதிரைத் தொட்டா. பொலபொலன்னு மொத்தமும் கொட்டிடுச்சு. மத்ததைவிடத் தாமதமா முத்தியிருக்கு, அவ்வளவுதான். "செடி இருக்கு, மறுபடி கதிர் விடும்"னா. அப்புறம் சிரிக்க ஆரம்பிச்சா. "ஆனா பக்கத்துல இருந்ததெல்லாம் முத்தினப்ப இது மட்டும் ஏங்க காத்திருந்துச்சு? பூக்கற நேரத்துக்கும் ஒரு சுவிட்ச் இருக்கே"ங்கறா. இப்ப மூலைத் தொட்டிக்குப் பக்கத்துலயே பாய் விரிச்சிருக்கா. அதனால லீவு போடாதீங்க மச்சான். வந்தாலும் உங்களுக்குப் படுக்க இடமில்லை.