மாமா கடைத் திறப்பும் மைக் ஆட்டோவும்

எங்கள் வீட்டு விசேஷங்களில் இரண்டு பேர் கையில் மட்டும் மைக் கொடுக்கமாட்டார்கள். ஒருவர், எதைத் தொடங்கினாலும் அரசியலில் முடிக்கும் சித்தப்பா. இன்னொருவர், மக்கள் தொடர்பை முறையாகப் படித்துப் பட்டம் வாங்கிய நான்.

சென்னையில் படித்து முடித்த கையோடு, பி.ஆர். நிபுணர் என்று எனக்கு நானே அட்டை அடித்துக்கொண்டு ஊருக்கு வந்திருந்தேன். குவைத்தில் இருபது வருஷம் கிடந்து திரும்பிய ராஜேந்திரன் மாமா, நீடாமங்கலத்தில் ஃபிரிட்ஜ், மிக்ஸி விற்கும் கடை திறக்க இருந்தார். அவர்தான் என் முதல் வாடிக்கையாளர். (வேறு யாரும் ஏமாறவில்லை.)

வெற்றிலை பாக்குத் தட்டோடு வீடு வீடாகப் போய்க் கூப்பிடலாம், ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லலாம் என்றார் மாமா. எனக்குச் சிரிப்பு வந்தது.

"அதெல்லாம் செத்துப்போச்சு மாமா. இப்ப ரீல்ஸ்தான்."

இருபது வருஷம் ஊரில் இல்லாத மனுஷர், நம்பிவிட்டார்.

ரீல் பறந்தது! பச்சை வயல்களுக்கு மேல் ட்ரோன் பறந்து வந்து கடை ஷட்டர் முன்னால் நிற்கும். துபாயிலிருந்து இதயம் வந்தது, சிங்கப்பூரிலிருந்து நெருப்பு வந்தது. நான் தரையில் நடக்கவே இல்லை.

திறப்பு நாளும் வந்தது. பத்து மணிக்கு முகூர்த்தம். ஒன்பதே காலுக்கு அங்கே இருந்தவை அண்டா நிறைய கேசரி, நூறு வாடகை நாற்காலி, ஒரு நாய். மாமா பட்டு வேட்டியில் ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "பரவால்லம்மா, நீ உக்காரு" என்றார்.

ஓடிப்போய் ஸ்டாண்டில் நின்ற மைக் ஆட்டோவில் ஏறினேன். எங்கள் பக்கம் மைக் ஆட்டோ வந்தால் பெரும்பாலும் சாவுச் செய்திதான். இது எனக்குத் தெரியும், அந்த நேரத்தில் தோன்றவில்லை. "எங்க மாமா ராஜேந்திரன் அவர்களின்..." என்று ஆரம்பித்தேன். மாமா நின்ற கோலம் கண்ணுக்குள் வந்தது. மைக்கிலேயே ஓவென்று அழுதுவிட்டேன். "எல்லாரும் கடைக்கு வந்துடுங்க" என்று மட்டும் விக்கி விக்கிச் சொன்னேன். நான்கு தெருவிலும் இதே கதைதான்.

கூட்டமா அது! ரோஜா மாலையோடு ஓடி வந்தார்கள், மாரில் அடித்துக்கொண்டு வந்தார்கள். யாரோ சங்கு ஊதுபவரையே பைக்கில் ஏற்றி வந்துவிட்டார். வாசலில் மாமா முகமெல்லாம் பல்லாக, "வாங்க வாங்க, கேசரி சாப்பிடுங்க" என்று கைகூப்பினார்.

அழுதுகொண்டே முதலில் வந்த எதிர்வீட்டு அத்தை, விஷயம் புரிந்ததும் என் காதைப் பிடித்துத் திருகினார். ரீலைத்தான் போனில் பார்த்தீர்களே, ஏன் வரவில்லை என்று கேட்டேன்.

"நல்லதுக்கு நீ வந்து கூப்பிடணும்டி. கெட்டதுக்குத்தான் நாங்களா வருவோம்."

மூன்று வருஷப் படிப்பில் யாரும் எனக்கு இதைச் சொல்லித் தரவில்லை. கொண்டுவந்த மாலைகளை ஆளுக்கொரு ஃபிரிட்ஜுக்குப் போட்டார்கள். கேசரி பத்தவில்லை. முதல் போணி சங்குக்காரர்தான், கிரைண்டர் வாங்கினார்.

போன மாதம் மன்னார்குடியில் ஒரு கல்லூரியில் பேசக் கூப்பிட்டார்கள். மாமாவும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டார். இந்த டிஜிட்டல் காலத்தில் பழைய மக்கள் தொடர்பு முறையெல்லாம் செத்துவிட்டதா என்று ஒரு மாணவி கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் மாமா எழுந்துவிட்டார்.

"செத்தா என்னம்மா? நான் செத்தப்பதான் கடைக்கே கூட்டம் வந்துச்சு."