சங்கு சாரின் கார்

ஆவடியிலேயே அதிகம் பயப்படுகிறவர் சங்கு சார்தான். ஆவடியிலேயே அதிவேகமான காரைக் கட்டியவரும் அவரேதான். இரண்டும் எப்படி ஒரே ஆளிடம் இருக்க முடியும் என்று கேட்பவர்கள், அவரோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை இருந்து பார்க்காதவர்கள்.

அந்த யோசனை பிறந்த இடம் எங்கள் ரயில்வே கேட். சரியாகச் சொன்னால் நட்ட நடுத் தண்டவாளம். நான் மெக்கானிக்கல் டிப்ளமா முடித்துவிட்டு, வேலைக்கு விண்ணப்பம் போட்டபடி சைக்கிளில் ஊரை அளந்துகொண்டிருந்த காலம். கேட் திறந்திருந்தது. எனக்கு முன்னால் சாருடைய கார். பக்கத்து சீட்டில் அவர் மனைவி ராஜம் அக்கா. தண்டவாளத்தில் ஏறியதும் கார் இரண்டு முறை இருமியது. நின்றுவிட்டது. அதே சமயம் கேட்டின் மணி அடிக்க ஆரம்பித்தது.

அக்கா இறங்கிவிட்டார். சார் இறங்கவில்லை, பயத்தில் இரண்டு கையும் ஸ்டியரிங்கோடு ஒட்டிக்கொண்டுவிட்டன. நானும் கேட்கீப்பரும் பால்காரர் ஒருவரும் சேர்ந்து காரை அவரோடு தள்ளினோம். நான் மூச்சு வாங்கி நிமிர்வதற்குள் சரக்கு ரயில் வந்துவிட்டது. கடைசிப் பெட்டி போகும்வரை சார் கண்ணைத் திறக்கவேயில்லை.

"இனிமே நான் இந்த வண்டியில ஏற மாட்டேன்," என்றார் அக்கா. கத்தவில்லை, அழவில்லை. "பூந்தமல்லிக்கு அண்ணன் வீட்டுக்குப் போறதுன்னாலும் பஸ்ஸுதான்." சொல்லிவிட்டு தொழிற்சாலை குவார்ட்டர்ஸை நோக்கி நடக்க ஆரம்பித்தார்.

சார் சாலையோரக் கல்லில் உட்கார்ந்து நடுங்கிக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்: "தம்பி, இந்த வண்டி ஒரே தாவல்ல தண்டவாளத்தைத் தாண்டணும்னா என்ன பண்ணணும்?"

பழைய புத்தகக் கடையில் வாங்கிய வெளிநாட்டுக் கார் பத்திரிகையை அப்போதுதான் தலைகீழாகப் படித்து முடித்திருந்தேன். எஞ்சினின் வேகத்தைக் கூட்ட டர்போ என்று ஒன்று இருக்கிறது, ஆனால் மிதித்ததும் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் பாயும் என்றேன்.

"தண்டவாளத்து மேல நின்னு யோசிக்கிற எஞ்சின் எனக்கு வேண்டாம்," என்றார் சார். அப்படித்தான் நாங்கள், மிதித்த கணமே பாய வைக்கும் சூப்பர்சார்ஜருக்கு வந்து சேர்ந்தோம்.

அவருடைய பயத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். குக்கர் விசில் அடிக்கப் போகிறது என்றால் சார் தெருவுக்கு வந்துவிடுவார். மின்விசிறிக்கு நேர் கீழே படுக்க மாட்டார். ரப்பர் செருப்பு போடாமல் லைட் சுவிட்சைத் தொட மாட்டார். மின்சார ரயிலில் நடுப்பெட்டியில்தான் ஏறுவார். இடித்தால் முன்பெட்டிக்கும் பின்பெட்டிக்கும்தான் சேதாரமாம்.

இந்தப் பயங்கள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்துதான் அவருடைய கார் ஸ்போர்ட்ஸ் கார் ஆயிற்று. வாங்கும்போது அது சாதுவான, பழைய, இரண்டு கதவுக் கார். விபத்து நடந்தால் எகிறிக் குதிக்க வேண்டுமே என்று கூரையை அறுத்தெடுத்தார். கவிழ்ந்துவிடக் கூடாதே என்று அடியைத் தாழ்த்தினார். வழுக்கக் கூடாதே என்று அகல டயர் போட்டார். ராத்திரியில் எல்லாருக்கும் தெரிய வேண்டுமே என்று சிவப்புப் பெயிண்ட். குவார்ட்டர்ஸ் பையன்கள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். சார் ஸ்டைல் பண்ணுகிறார் என்று ஊர் நினைத்தது. அவர் நடுங்கிக்கொண்டிருந்தார் என்பது அக்காவையும் என்னையும் சேர்த்து மூன்று பேருக்குத்தான் தெரியும்.

மூன்றாவது ஆள் வெல்டர் துரை, முத்தாபுதுப்பேட்டைக்காரர். அம்பத்தூர் எஸ்டேட்டில் மூடிப்போன ஒரு வார்ப்புப் பட்டறையில், உலைக்குக் காற்று ஊதிக்கொண்டிருந்த சின்ன ப்ளோயர் பழைய இரும்புக் கடைக்கு வந்திருப்பதாகத் தகவல் கொண்டுவந்தது அவர்தான். சூப்பர்சார்ஜர் என்பதும் அதே சாதிதான். சாதாரண எஞ்சின் காற்றைத் தானாக உறிஞ்சிக் குடிக்கும். சூப்பர்சார்ஜர் அப்படி விடாது. குழந்தையின் மூக்கைப் பிடித்து விளக்கெண்ணெய் ஊற்றுவதுபோல, எஞ்சினின் வாயில் காற்றைத் திணிக்கும். எஞ்சின் திமிறிக்கொண்டு ஓடும்.

எஞ்சினே ஓட்டுகிற மாதிரி மாவு மில் பெல்ட் ஒன்றை மாட்டி, ப்ளோயரை கார்புரேட்டருக்குக் கீழே உட்கார வைத்தோம். பானெட் மூடவில்லை, அதையும் அறுத்தோம். காற்றைத் திணித்தால் உள்ளே அழுத்தம் எகிறி பிஸ்டன் பொத்துக்கொள்ளும், அதற்கேற்றபடி எஞ்சினின் சொந்த அழுத்தத்தைக் குறைக்க வேண்டும் என்று நான் இரண்டு வாரம் கணக்குப் போட்டேன். விடை கிடைத்து ஓடிவந்தால், சார் ஏற்கெனவே குறைத்திருந்தார். எஞ்சின் தலைக்கும் உடம்புக்கும் நடுவே வைக்கும் செப்புத் தகடு ஒன்று போதாதோ என்று பயந்து இரண்டாகப் போட்டிருந்தார். தலை உயர்ந்து, அழுத்தம் தானாகக் குறைந்துவிட்டது.

முதல் முறை ஸ்டார்ட் செய்தபோது கார் வீட்டுக் கொல்லையில் நின்றது. சார் காலிங்பெல் சுவிட்ச் ஒன்றை நீள ஒயரில் கட்டி, கொல்லைச் சுவருக்கு மறுபக்கம் கொண்டுபோய்விட்டார். ஆக்சிலரேட்டருக்குக் கொடிக்கயிறு. மூன்று பேரும் சுவருக்குப் பின்னால் குந்தினோம். சார் தலையில் ஹெல்மெட். சுவிட்சை அமுக்கினார். எஞ்சின் பிடித்துக்கொண்டது. கயிற்றை லேசாக இழுத்தார்.

கயிறு சிக்கிக்கொண்டது.

ப்ளோயர் முதலில் முனகியது, பிறகு ஊளையிட்டது, பிறகு எழும்பி எழும்பி ஒரே சுரத்தில் நின்றது. அந்தச் சுரம் எனக்கு நன்றாகத் தெரியும். பிறந்ததிலிருந்து கேட்கிறேன். தொழிற்சாலையின் ஷிப்ட் சங்கு.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சாப்பிட்டுப் படுத்திருந்த குவார்ட்டர்ஸ் மொத்தமும் எழுந்தது. ஒரு கை சட்டையில், மறு கை சைக்கிளில் என்று ஆட்கள் தொழிற்சாலை கேட்டைப் பார்க்கப் பறந்தார்கள். டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு மனைவிகள் பின்னால் ஓடினார்கள். அணைக்கலாம் என்றால் யாராவது காருக்குப் பக்கத்தில் போக வேண்டும். பெல்ட் அறுந்து வந்தால் கழுத்து போய்விடும். சார் என்னைப் பார்த்தார். நான் துரையைப் பார்த்தேன்.

"இன்னாத்துக்கு என்னைப் பாக்குற? நான் புள்ளகுட்டிக்காரன்," என்றார் துரை. கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "சார், இது எஞ்சின் இல்ல சார், சங்கு. யாருக்கு ஊதுதுன்னுதான் தெர்ல."

சமையலறைக் கதவு திறந்தது. ராஜம் அக்கா கையைத் துடைத்துக்கொண்டே வந்து சாவியைத் திருகினார். அமைதி. சாவியைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போய்ப் புளிப் பானைக்குள் போட்டார். அன்றிலிருந்துதான் அவர் சங்கு சார்.

சாவி வெளியே வர அக்கா வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்று. அடுத்த மாதம் பூந்தமல்லியில் அவர் அண்ணன் மகள் கல்யாணம். "நான் கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்னு பாக்கறேன். நீங்க தாண்டிக் காட்டுங்க. நின்னுதுன்னா கல்யாணத்துக்கு நான் பஸ்ஸுல, நீங்க உங்க சங்கோட."

ஆக, நாங்கள் ரயில்வே கேட் முன்னால் நின்றோம். சார் இறங்கிப் போய் இரண்டு பக்கமும் பார்த்தார். தண்டவாளத்தில் காதை வைத்துக் கேட்டார். கேட்கீப்பரிடம் மூன்று முறை விசாரித்தார்.

"ஒண்ணியும் வர்ல சார், நீ போ சார். நீ கேட்டுகினே இருந்தா வந்துடப் போவுது."

சார் திரும்பி வந்து ஏறி, ஹெல்மெட்டைக் கழற்றிப் பக்கத்து சீட்டில் இருந்த என் தலையில் கவிழ்த்தார். அவர் கை ஐஸாக இருந்தது. ஓரத்தில் நின்ற அக்கா முந்தானையை வாயில் கடித்துக்கொண்டிருந்தார்.

மிதித்தார்.

சங்கு ஊதியது. என் முதுகு சீட்டுக்குள் புதைந்தது. தண்டவாளத்தை நான் பார்க்கவேயில்லை. டடக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். தாண்டிவிட்டோம். சார் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் முறை. பிறகு சாலை திரும்புகிற இடம் எங்களை நோக்கி ஓடிவந்தது. சார் பிரேக்கை மிதித்தார். கார் அதைக் காதில் வாங்கவில்லை. மறுபடியும் மிதித்தார்.

"தம்பி," என்றார், கோயிலில் பேசுகிற குரலில். "பிரேக்க மறந்துட்டேன்."

கூரைக்குப் பயந்தார், டயருக்குப் பயந்தார், பெல்ட்டுக்குப் பயந்தார். அந்த மனிதருக்கு நின்றுவிடுவோமோ என்ற பயம்தான் இருந்ததே தவிர, நிற்காமல் போய்விடுவோமோ என்ற பயம் வரவேயில்லை. திருப்பத்தில் யாரோ ஒரு புண்ணியவான் வைக்கோல் போர் போட்டிருந்தார். அதற்குள் போய்ச் சொருகிக்கொண்டோம். எஞ்சின் அணைந்தது. பக்கத்தில் கட்டியிருந்த மாடு எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பானெட்டில் கிடந்த வைக்கோலைத் தின்ன ஆரம்பித்தது.

அக்கா செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். என் கை காலை அசைக்கச் சொன்னார், சாரின் தலையிலிருந்து வைக்கோலை எடுத்தார். திட்டப் போகிறார் என்று நான் இறங்கி ஒதுங்கினேன். அவர் நான் விட்ட சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

"இப்ப உக்காரலாம்," என்றார். "எங்கயும் போகாது."

சார் அசையவில்லை. அசைந்தால் அக்கா இறங்கிவிடுவாரோ என்ற பயம்.

துரை சைக்கிளில் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். "ஊடு ஊடா சொல்லிகினு கீறாங்க, சாருக்கு சங்கு ஊதிட்டாங்கன்னு. நீ இன்னாடான்னா ஜோடியா குந்திகினு கீறே."

அக்கா முகத்தை வைக்கோல் பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று புரிய எங்களுக்குக் கொஞ்ச நேரமாயிற்று. பிறகு கேட்டார்: "சரி, கல்யாணத்துக்கு பஸ்ஸா, வண்டியா?"

சார் என்னைக் கூப்பிட்டார். "தம்பி, நாளைக்கே ஆரம்பிக்கணும். நாலு சக்கரத்துக்கும் பெரிய பிரேக்கு. அப்புறம் ஏரோப்ளேன்ல இடுப்புல கட்டறாங்களே, அந்த மாதிரி பெல்ட்டு. ஒண்ணு இவளுக்கு. ஒண்ணு பின் சீட்டுல உனக்கு."

"உங்களுக்கு சார்?"

"எனக்கு எதுக்கு?" என்றார் ஆவடியிலேயே அதிகம் பயப்படுகிறவர். "நான் பிடிச்சுக்க ஸ்டியரிங் இருக்கே."