டவர் காக்கா தராத போர்விமானம்

கடைக்கு வந்தவர்களைத் திட்டி விரட்டியே வியாபாரத்தில் முன்னுக்கு வந்த ஒரே மனிதர், எனக்குத் தெரிந்து, கருங்கல் என்ற ஊரில் கடை வைத்திருக்கும் டவர் காக்காதான். ரிமோட்டில் பறக்கும் சின்ன விமானம் ஒன்று வாங்க வேண்டும் என்ற ஆசை கன்னியாகுமரி மாவட்டத்தில் யாருக்கு வந்தாலும், அவர் களியக்காவிளைக்காரராக இருந்தாலும் தோவாளைக்காரராக இருந்தாலும், காக்காவின் கடை வாசலில் நின்று நாலு பேச்சு வாங்கித்தான் ஆகவேண்டும். ஆன்லைனில் வாங்கித் தப்பித்துவிட்டதாக நினைத்தவர்களும் ஒரு வாரத்தில் உடைந்த துண்டுகளைச் சாக்கில் கட்டிக்கொண்டு அங்கேதான் வந்தார்கள். அவர்களுக்குப் பேச்சு இரட்டிப்பு.

சொந்த ஊர் குளச்சல்; அங்கே முஸ்லிம்கள் அண்ணனைக் காக்கா என்பார்கள். பெயர் என்று ஒன்று ரேஷன் கார்டில் இருக்கும், யாரும் பார்த்ததில்லை. வளைகுடாவில் ஒரு விமான நிலையத்தின் கட்டுப்பாட்டு டவரில் பதினெட்டு வருஷம் வேலை பார்த்தவர். இதைக் கேட்டதும் புதிதாக வந்தவர்கள் மரியாதையாகக் கைகட்டி நிற்பார்கள். அவர் அங்கே பார்த்தது ஏசி மெக்கானிக் வேலை என்பது சாவகாசமாகத்தான் தெரியவரும். ஆனால் தெரிந்த பிறகும் கட்டிய கையை எடுக்க முடியாது. அதற்கும் அவரிடம் பதில் இருந்தது.

"நான் கூலிங்க குறைச்சா, அங்க இருக்கவன் வேர்த்து விறுவிறுத்து ரன்வேய மாத்திச் சொல்லிருவான் வேய். அப்பம் பதினெட்டு வருஷமா விமானத்த எல்லாம் பத்திரமா எறக்கினது யாரு?"

இந்த வாதத்தில் ஓட்டை கண்டுபிடித்தவர் இன்றுவரை கிடையாது.

ஊருக்குத் திரும்பி, பக்கத்துக் கருங்கலில் அவர் போட்டது ஏசி, ஃப்ரிட்ஜ் ரிப்பேர் கடை. தரையில் பழைய கம்ப்ரஸர்கள் குவிந்து கிடக்கும். கூரையிலிருந்து நைலான் கயிற்றில் விமானங்கள் தொங்கும். ஃப்ரிட்ஜ் கொண்டுவருகிறவர்களிடம் தங்கமாகப் பேசுவார். விமானம் கேட்டு வருகிறவர்களிடம்தான் அவருக்குள் இருக்கும் டவர் விழித்துக்கொள்ளும்.

நான் அங்கே போனது ஐம்பத்தோராவது வயதில், மருத்துவ விடுப்பில். லேசான பக்கவாதம் வந்து போயிருந்தது. வாயும் காலும் ஒரு வாரத்தில் சரியாகிவிட்டன. இடது கை மட்டும் வரமாட்டேன் என்றது. விரல்கள் அசையும்; ஆனால் நான் சொன்னபோது அசையாது, சொல்லி முடித்து மறந்த பிறகு அசையும். நான் ஒரு கல்லூரி அலுவலகத்தில் கிளார்க். இரண்டு கையாலும் தட்டச்சு செய்து சம்பாதிக்கிறவன். "இந்த ஆறேழு மாசம் அந்தக் கைக்கு எவ்வளவு வேலை குடுக்கியளோ அவ்வளவுதான் திரும்பி வரும்" என்று டாக்டர் சொல்லியிருந்தார். பிசியோதெரபிப் பெண் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து, தினமும் முந்நூறு தடவை அமுக்கச் சொன்னாள். முதல் நாள் முந்நூறு அமுக்கினேன். இரண்டாம் நாள் முப்பது. மூன்றாம் நாள் பந்து கட்டிலுக்கு அடியில் போனது, நானும் தேடவில்லை. கையைப் பாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டு, வலது கையால் போனைப் பிடித்து, வெளிநாட்டுக்காரர்கள் புல்வெளியில் விமானம் விடும் வீடியோக்களைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். உள்ளுக்குள் பயம்தான். அதை யாரிடமும் சொல்லவில்லை.

"சும்மா பாத்துட்டு கெடக்கதுக்கு ஒண்ண வாங்கி விடுங்களேன்" என்று என் மனைவிதான் ஒருநாள் சலித்துப்போய்ச் சொன்னாள். அவள் அதை யோசனையாகச் சொல்லவில்லை. நான் அப்படி எடுத்துக்கொண்டேன்.

காக்காவின் கடைக்குள் நுழைந்ததும் என் கண் ஒரு போர்விமானத்தில் போய் ஒட்டிக்கொண்டது. பச்சை நிறம், மூக்கில் சுறாவின் பல்வரிசை. வாழ்க்கையில் அப்படி ஒன்றை ஓட்டுவதற்காகவே பிறந்தவன் என்று அந்த நிமிஷத்தில் எனக்குத் தோன்றியது.

"அது வேணும்" என்றேன்.

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

"இதுக்கு முன்ன என்னத்தையாவது பறத்தியிருக்கீரா?"

"பட்டம் விட்டிருக்கேன்."

"இப்பம் அது எங்க?"

"எது?"

"பட்டம்."

"அது... அந்துபோச்சு."

காக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். அடுத்து மோட்டார், பேட்டரி என்று ஏதாவது கேட்பார் என்று எதிர்பார்த்தேன்.

"ஒம்ம வீட்டுல தேங்கா வெட்ட யாரு வாறது?"

"செல்வராஜ்."

"கூப்பிட்டா உடனே வருவானா?"

"வெட்டு முறைக்குத்தான் வருவான். நாப்பத்தஞ்சு நாளைக்கு ஒருக்கா."

"அப்பம் ஒமக்கு நாப்பத்தஞ்சு நாளைக்கு ஒருக்காத்தான் விமானம். போயி அவன்கிட்ட பேசி முடிச்சிட்டு வாரும்."

முதல் விமானம் வாங்குகிறவன் முதலில் பார்க்க வேண்டியது தென்னை ஏறும் ஆள் என்பது எந்த வீடியோவிலும் இல்லாத பாடம். அந்த வெளிநாட்டுப் புல்வெளிகளில் தென்னை கிடையாது. நம் ஊரில் எதை மேலே எறிந்தாலும் பாதி வழியில் ஒரு தென்னை அதை வாங்கி வைத்துக்கொள்ளும்.

கூப்பிட்டால் உடனே வருவதாகச் செல்வராஜிடம் பேசி முடித்துவிட்டு மறுநாள் போனேன். போர்விமானத்தைப் பற்றிய பேச்சை எடுத்ததும் காக்கா கையை ஆட்டினார்.

"அதுக்கு றெக்க வயித்துக்குக் கீழ இருக்கு. லேசா சரிச்சா கவுந்துட்டே போவும். ஒருத்தன் என்ன சொல்லியும் கேக்காம அதுமாதிரி ஒண்ண வாங்கிட்டு, ஆரல்வாய்மொழியில கரண்டு எடுக்க காத்தாடிகளுக்கு எடையில கொண்டு போயி விட்டான். அங்கேருந்து பொறப்பட்டது திருநெல்வேலி ஜில்லாவுக்குப் போயிட்டு. பெறகு அதப்பத்தி ஒரு வெவரமும் இல்ல."

பேசிக்கொண்டே மூலையிலிருந்து ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தார். குளச்சலில் மீன் அடைக்கும் தெர்மாகோல் பெட்டிக்கு இறக்கை வைத்தது போல இருந்தது. மஞ்சள் நிறம். இறக்கை தலைக்கு மேலே. விசிறியும் மோட்டாரும் முதுகுக்குப் பின்னால்.

"இதுதான் ஒமக்கு. நீரு கைய விட்டீருன்னா தானா நேராவும். ஒம்மளவிட அதுக்கு புத்தி உண்டு. விசிறி பின்னால இருக்கதால மூக்கு குத்தினாலும் மோட்டாருக்கு ஒண்ணும் ஆவாது. பச தேச்சு ஒட்டிட்டு அடுத்த குத்துக்குப் போவலாம்."

அடுத்த குத்து என்று அவர் அவ்வளவு உறுதியாகச் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை.

"அது சரி, எடது கைய எதுக்கு பாக்கெட்டுக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கீரு?" என்றார்.

சொன்னேன். பொதுவாக இதைக் கேட்டால் ஆட்கள் உச்சுக்கொட்டுவார்கள். ஒரு கஷாயத்தின் பெயரும் சொல்வார்கள். காக்கா ரிமோட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அரைமணி நேரம் பட்டன்களை அமுக்கும் சத்தம் கேட்டது. பிறகு வந்து என் கையில் கொடுத்தார்.

"இதுல ஒரு பட்டனையும் தொடக்கூடாது. தொட்டீருன்னா பெறகு கடைக்கு வராண்டாம்."

ரிமோட்டில் இரண்டு சின்னக் குச்சிகள். வலது குச்சி விமானத்தை ஏற்றும், இறக்கும். வேகத்தைக் கூட்டுவது, குறைப்பது, இடமும் வலமும் திருப்புவது எல்லாம் இடது குச்சியில். உலகத்தில் எல்லா ரிமோட்டும் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

கடல்காற்று எழும்புவதற்கு முன், காலை ஆறு மணிக்கு, அறுப்பு முடிந்த வயலில் பயிற்சி. காக்கா வரப்பில் காதைப் பொத்திக்கொண்டு நிற்பார். ஹெட்போன் மாட்டியிருப்பதாக அவருக்கு நினைப்பு.

"ரன்வேயில எருமை நிக்கி. ஹோல்ட் பண்ணும்."

எருமை தன் இஷ்டத்துக்குப் புல் தின்று முடித்து நகரும்வரை நாங்கள் காத்திருப்போம்.

"எருமை கிளியர். யூ ஆர் கிளியர் ஃபார் டேக் ஆஃப்."

என் முதல் பறத்தலின் தூரம், நான் அதைத் தூக்கி எறிந்த தூரம்தான். இரண்டாவது அதைவிடக் குறைவு. இடது கட்டைவிரல் குச்சியைத் தள்ளாது. தள்ளினால் ஒரேயடியாகத் தள்ளும். விமானம் திரும்ப வேண்டிய இடத்தில் நேராகப் போய், நான் கைவிட்ட பிறகு திரும்பி, மூக்கைச் சேற்றில் குத்தும். ஒரு வாரத்தில் மஞ்சள் விமானம் பாதி பசை விமானமாகிவிட்டது. எனக்கு அழுகையே வந்தது.

"காக்கா, என் எடது கை சரியில்லன்னு ஒங்களுக்குத் தெரியும்லா?"

"எனக்குத் தெரியும். விமானத்துக்குத் தெரியாதுல்லா. எடும், எறியும்."

மனிதரின் இரக்கம் இவ்வளவுதான் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே எறிந்தேன். அன்றாடம் எறிந்தேன். மழை பெய்யாத நாளெல்லாம் எறிந்தேன். ரப்பர் பந்தை மூன்றாம் நாளே விட்டவன், இதை ஏன் விடவில்லை என்று எனக்கே தெரியாது. அந்த மனிதரின் வாயை ஒருநாளாவது அடைக்க வேண்டும் என்ற வீம்பாக இருக்கலாம்.

மூன்றாவது மாதம் ஒருநாள் அது ஒரு முழு வட்டம் அடித்தது. நான் பூரித்துப்போய் நின்றேன். அதுதான் தப்பு. விமானம் நம்மை விட்டுப் போகும்போது அதன் இடது, நம் இடது. நம்மை நோக்கி வரும்போது அதன் இடது நம் வலது. பூரிப்பில் இது எனக்கு மறந்துவிட்டது. இடதுபக்கம் தள்ளினேன். அது தன் இடதுபக்கம் திரும்பி, வரப்போரத்துத் தென்னையின் மண்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

"லேண்டிங் கொள்ளாம், ஜோரு" என்றார் காக்கா. "செல்வராஜ விளியும்."

செல்வராஜ் வந்து ஏறினான். உச்சியிலிருந்து சத்தம் வந்தது.

"அண்ணாச்சி, ஒங்களுக்குள்ளது மஞ்சளா, நீலமா?"

"என்னது?"

"இதுல ரெண்டு கெடக்கு."

நீலம் ஒரு தலைமையாசிரியருடையது. போன மாதம் காற்று அடித்துக் கடலுக்குக் கொண்டுபோய்விட்டதாக அவர் கடையில் வந்து வருத்தப்பட்டிருக்கிறார். காக்கா அன்று மாலையே அதைக் கொண்டுபோய்க் கொடுத்தார். பள்ளிக்கூட வாசலில் வைத்துத் திட்டியதாகக் கேள்வி.

அதன்பிறகு மெதுவாக எனக்குப் பிடிகிடைத்தது. விடுப்பு முடிந்து வேலைக்குப் போய்விட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை மட்டும் கோயில் மணி அடிப்பதற்கு முன் வயலுக்கு வருவேன். வட்டம், எட்டு, வரப்பை உரசாமல் இறக்குவது எல்லாம் வந்துவிட்டது. காக்கா பாராட்டமாட்டார். திட்டாமல் இருப்பார். அதுவே விருதுதான்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, காற்றாலையில் வேலை பார்க்கும் எஞ்சினியர் பையன் ஒருவன் தன் விமானத்தோடு வயலுக்கு வந்தான். நன்றாக விடுகிறவன். என் மஞ்சள் பெட்டியைக் கேலியாகப் பார்த்து, "ஒரு ரவுண்டு குடுங்க சார்" என்று பறந்துகொண்டிருக்கும்போதே ரிமோட்டை வாங்கினான். வாங்கிய உடனே அவன் முகம் மாறிவிட்டது. வலது குச்சியை அப்படியும் இப்படியும் ஆட்டுகிறான். விமானம் திரும்பவே இல்லை. நேராக மண்டைக்காட்டுக் கடலைப் பார்த்துப் போய்க்கொண்டிருக்கிறது. நான் ரிமோட்டைப் பிடுங்கி, திருப்பிக் கொண்டுவந்து, அவன் காலடியில் இறக்கினேன்.

"சார், இத யாரு இப்படி செட் பண்ணினது?" என்றான் அவன். "இந்த மாதிரி சின்ன விமானத்துக்கு திருப்புறத வலது குச்சியிலதான் வைப்பாங்க. எல்லா வேலையும் வலது கையிலயே முடிஞ்சிரும். இடது கைக்கு வேகம் மட்டும்தான். இது கஷ்டமால்ல இருக்கு?"

 ரிமோட்டைப் பிடித்திருந்த என் இடது கையைப் பார்த்தேன். கட்டைவிரல் குச்சியின்மேல் நிதானமாக இருந்தது. நான் சொன்னபோது அசைந்தது. வேண்டாம் என்றபோது நின்றது. அலுவலகத்தில் மூன்று வாரமாக இரண்டு கையாலும் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன். எப்போது தொடங்கினேன் என்று யோசித்துப் பார்த்தேன், நினைவில்லை. கண் நிறைந்துவிட்டது. எஞ்சினியர் பையன் பயந்துபோய், விமானத்தில் ஏதும் உடைந்துவிட்டதா என்று குனிந்து பார்த்தான்.

நேராகக் கடைக்குப் போனேன். காக்கா ஒரு ஃப்ரிட்ஜின் முதுகைத் திறந்துவைத்து உள்ளே தலையை விட்டிருந்தார்.

"காக்கா, திருப்புறத வலது குச்சியில வைக்கலாமாமே?"

தலை வெளியே வரவில்லை. "வைக்கலாம்."

"பின்ன எனக்கு ஏன் எடதுல வச்சீங்க? ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா?"

"சொன்னா என்ன செய்வீரு? விழுந்த அன்னைக்கே வந்து, காக்கா, வலதுக்கு மாத்தித் தாங்கன்னு கேப்பீரு. நானும் மனுசன்லா வேய். ஒம்ம மூஞ்சியப் பாத்தா மாத்தித் தந்திருவேன்."

நான் கூரையில் தொங்கிய அந்தச் சுறாப்பல் விமானத்தை நிமிர்ந்து பார்த்தேன்.

"அந்தப் போர்விமானத்தத் தந்திருந்தா ரெண்டு குத்துல முடிஞ்சிருக்கும்" என்றது ஃப்ரிட்ஜுக்குள்ளிருந்து குரல். "ஒம்ம கைக்கு நூறு குத்து வேண்டியிருந்து. நூறு குத்து தாங்குகது இந்தக் கடையில அது ஒண்ணுதான் உண்டு. வெளிச்சத்த மறைக்காம தள்ளி நில்லும்."

தள்ளி நின்றேன். நன்றி சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் வாசலில் யாரோ புதிதாக வந்து, கூரையைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு நின்றார். காக்கா தலையை வெளியே எடுத்து, ஒம்ம வீட்டுல தேங்கா வெட்ட யாரு வாறது என்று ஆரம்பித்துவிட்டார்.

எனக்கு அந்த மனிதரை ரொம்பப் பிடிக்கும். நேரில் சொன்னால் திட்டுவார். அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.