நாற்பது பேர் முன் நான் படித்த காகிதம்

சூஸ்த், ஏப்ரல் 6

மதிப்பிற்குரிய சம்பந்தி நோசிர் அவர்களுக்கு எர்காஷ் சலாம் சொல்லி எழுதுவது. உங்கள் நலம், வீட்டார் நலம், ஆப்ரிகாட் மரங்களின் நலம் எல்லாம் அறிய ஆசை. கையெழுத்து மேடும் பள்ளமுமாக இருப்பதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். எழுபத்தொரு வயதில் எழுதும் முதல் கடிதம். ஒரு வரிக்கு ஒரு கோப்பைத் தேநீர் ஆகிறது. ஆனாலும் உங்கள் பெயரை எழுதி முடித்ததும் எழுந்து நின்று பார்த்தேன், அவ்வளவு அழகு.

ஆறு வருடமாகப் பிள்ளை இல்லை என்று உங்கள் மகள் மவ்லூதாவைப் பிப்ரவரியில் உங்கள் வீட்டுக்கு அனுப்பினேன். குறை அவளிடம்தான் என்று சொன்னது நான். என் மகன் ஷெர்ஸோத் மறுக்கவில்லை. அவன் எடை நூற்று நாற்பத்தொரு கிலோ. எங்கள் தெருவில் அதைச் செழிப்பு என்பார்கள். விருந்துக்கு விருந்து பெரியவர்கள் செம்மறி வாலின் கொழுப்பைத் தேடியெடுத்துத் தங்கள் கையாலேயே அவனுக்கு ஊட்டுவார்கள், மறுத்தால் மரியாதைக் குறைவு. அதிகம் ஊட்டியவன் நான்.

போன வெள்ளிக்கிழமை பக்கத்து வீட்டில் விடியற்காலைப் புலாவ் விருந்து. இந்த வயதில் நான் எழுதப் படிக்கக் கற்ற செய்தி பரவியிருந்தது. "எதையாவது படிச்சுக் காட்டுங்க பெரியவரே, பாப்போம்" என்று முடிதிருத்தும் தோஹிர் சீண்டினார். குளிருக்கு மகனின் கோட்டை மாட்டிப் போயிருந்தேன், அதில் என்னைப் போல் இரண்டு பேர் நுழையலாம். உள்பையில் மடித்த காகிதம் ஒன்று இருந்தது. எழுந்து நின்று, நாற்பது பேர் முன், எழுத்தெழுத்தாகக் கூட்டி உரக்கப் படித்தேன். மகன் பெயர், வயது, எடை. பிறகு, "விந்தணு எண்ணிக்கை மிகக் குறைவு. உடல் பருமன் காரணமாக இருக்கலாம்." கூட்டுவதிலேயே மூழ்கியிருந்ததால் பொருள் எனக்குக் கடைசியாகத்தான் வந்தது, மற்றவர்களுக்கு முன்பே வந்துவிட்டது. "போதும், உக்காருங்க" என்றார் தோஹிர். பொறாமை என்று நினைத்துத் தேதியையும் படித்தேன். ஜனவரி பத்தொன்பது.

வீட்டுக்கு வந்து, "ஏன்டா சொல்லல?" என்றேன்.

"வெக்கமா இருந்துச்சுப்பா."

"அவள வண்டியேத்தும்போது வெக்கமா இல்லையாடா?"

மறுநாள் அவனை மருத்துவரிடம் இழுத்துப் போனேன். அந்த அம்மா சொன்னார்: "வயித்துக் கொழுப்பு ஆம்பளச் சுரப்பக் குறைக்குது தாத்தா. எடை இறங்கினா எண்ணிக்கை ஏறலாம், உறுதி சொல்ல மாட்டேன். ஆனா பொண்ணு மேல பழி போடுறதுக்கு முன்னாடி ரெண்டு பேரையும் சோதிக்கணும்." "அப்போ புலாவ்?" என்றேன். "எப்பவாவது கொஞ்சம். அதுவும் அவரு கையால."

ஆகவே சம்பந்தி, தவறு முழுக்க எங்களுடையது. மகளை அனுப்பி வையுங்கள். நானே வந்து உங்கள் வாசலில் தலைகுனிந்து அழைத்துப் போகிறேன். உங்கள் வீட்டில் ரொட்டியும் சிரிப்பும் குறையாதிருக்கட்டும்.

எர்காஷ்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது ஷெர்ஸோத் கைப்பேசியை நீட்டினான். "மவ்லூதா உங்களுக்கு எழுதியிருக்கா. நீங்களே படிங்க." படித்தேன். "மாமா, நீங்க விருந்துல படிச்ச கதை இங்க வரைக்கும் வந்துருச்சு. அந்தக் காகிதத்த ஜனவரியிலயே நான் பாத்துட்டேன். நீங்க ஒரு வார்த்த என்னக் கேப்பீங்கன்னு காத்திருந்தேன். இப்பவும் எங்கப்பாகிட்டதான் கேப்பீங்க, தெரியும்."

சம்பந்தி, மேலே உங்களிடம் கேட்டதை விட்டுவிடுங்கள். அவளை அனுப்ப வேண்டாம். அடுத்த வாரம் அவளுக்கே எழுதுகிறேன். வா என்று எழுத மாட்டேன், உனக்கு என்னம்மா வேண்டும் என்று கேட்பேன். பதில் வந்தால், அதில் எது இருந்தாலும், நானே படிப்பேன்.