செப்புத் தகடும் ஒரு வாளி தீர்த்தமும்

எங்கள் லிந்துலைத் தேயிலைத் தோட்டப் பக்கத்தில் கரண்டே இல்லாமல் ஆளுக்கு ஷொக் கொடுக்கக்கூடியவர் எர்த் அண்ணன் ஒருவர்தான். அரிசிக் கூப்பன் புத்தகத்தில் அவருக்கு என்ன பெயரோ, யாருக்கும் தெரியாது. வயரிங் வேலை செய்பவர். எந்த வீட்டுக்குப் போனாலும் வாசலில் நின்று, "எர்த் இருக்கா?" என்றுதான் முதலில் கேட்பார். கசிகிற கரண்ட் ஆளை அடிக்காமல் மண்ணுக்குள் போக ஒரு கம்பி இழுப்பார்களே, அதுதான் எர்த்.

ஒரு பரிசம் போடும் வீட்டில் பெரியவர்கள், மாப்பிள்ளைக்கு நல்ல வேலை, நல்ல குணம் என்று அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மூலையில் இருந்த இவர், "எல்லாம் சரிங்க. எர்த் இருக்கா?" என்றார். கேட்டது வீட்டைப் பற்றி. பெண் வீட்டார் மாப்பிள்ளையை மேலும் கீழும் பார்த்தார்கள்.

எண்பதுகளில் அவர் எங்கள் வீட்டுக்கு வந்ததற்குக் காரணம் என் நாத்தனார் ராணி. குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய் நாலு வருஷம் ஆகியிருந்தது. ஊருக்கு வந்த ஒருவரிடம் டீவியும் வீடியோ டெக்கும் கொடுத்தனுப்பினாள். கூடவே ஒரு வீடியோ கசட். அவள் வேலை செய்த வீட்டுக்காரர்கள் அவளையே பேசவிட்டுக் கமராவில் பிடித்தது. என் மாமியார் அதைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு படுத்தார்.

நாங்கள் இருந்தது தோட்டத்து ஆபீஸ் கிளாக்கருக்குக் கட்டிய பழைய வீடு. வயரிங் வெள்ளைக்காரன் காலத்தது. என் வீட்டுக்காரர் டீவி பிளக்கைச் செருகினார். டீவியில் படம் வரவில்லை. சுவரில் இருந்து புகை வந்தது. "ஐயையோ, என் புள்ள எரியுறா," என்று மாமியார் கசட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினார்.

மறுநாள் எர்த் அண்ணன் ரப்பர் பூட்ஸுடன் வந்தார். அதைக் கழற்றவே மாட்டார். கூரைக்குள் கைவிட்டு ஒரு வயரை இழுத்தார். துணி சுற்றிய பழைய வயர், கையிலேயே உதிர்ந்தது.

"இது வயர் இல்லீங்கம்மா, விளக்குத் திரி. நீங்கெல்லாம் உசுரோட இருக்கிறதுதான் எனக்கு ஷொக்கா இருக்கு."

வெளி ஆள் முன்னால் மருமகள் வரக்கூடாது, பேசக்கூடாது என்பது மாமியார் சட்டம்; நான் கதவுக்குப் பின்னால் நின்று தேத்தண்ணிக் கோப்பையை நீட்டினேன். அவர் சந்தேகப்பட்ட எதையும், கரண்ட் இருக்கிறதா என்று புறங்கையால் தட்டிப் பார்த்துத்தான் தொடுவார். அவருக்குச் சந்தேகமில்லாத பொருளே உலகத்தில் கிடையாது. கோப்பையையும் தட்டிப் பார்த்துத்தான் வாங்கினார்.

மூன்று நாளில் வீடு முழுக்கப் புது வயர் இழுத்தார். நாலாம் நாள் குசினிக்குப் பின்னால் இடுப்பளவு குழி தோண்டினார். "எர்த்துக்குத்தான் தங்கச்சி" என்று எனக்குச் சொல்லிவிட்டுத்தான் தோண்டினார். குழிக்குள் ஒரு செப்புத் தகட்டை வைத்தார். மேலே கரி, கல்லுப்பு, மறுபடி கரி. வாய் ஏதோ முணுமுணுத்தது.

இதை மாமியார் ஜன்னலில் இருந்து பார்த்துவிட்டார். வீட்டில் செப்புத் தகடு புதைத்தால் அது செய்வினை என்று எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

"நம்ம வீட்டுக்கே வச்சுட்டான்டி," என்றார்.

அது எர்த் என்று நான் சொல்லியிருக்கலாம். மாமியாரிடம் எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை. அண்ணன் சாப்பிடப் போன நேரத்தில் மாமியார் மண்வெட்டியை எடுத்தார். தகடு கோழிக்கூட்டின் மேல் போய் விழுந்தது. நாங்கள் வேதக்காரர்கள், அதனால் டவுன் மாதா கோயில் சாமியைக் கூப்பிட ஆள் போனது.

அண்ணன் திரும்பி வந்து குழியைப் பார்த்தார்.

"என் எர்த்த யாரு களவெடுத்தது?"

"என்னடா மந்திரம் சொன்ன?"

"மந்திரமா? உப்பு எத்தன கொத்து போட்டேன்னு எண்ணுனேன்மா."

"உன்ன யாரு ஏவிவிட்டது?"

"உங்க மகன்தாங்க வரச் சொன்னாரு."

மாமியார் குழிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு, மகனை ஏவிவிட்டதே நான்தான் என்பது போல, மெதுவாகக் கதவுப் பக்கம் திரும்பி என்னைப் பார்த்தார். என் வாழ்க்கையில் கரண்ட் இல்லாமல் அடித்த பெரிய ஷொக் அந்தப் பார்வைதான். ஒரு கசட்டுக்காக என் குடும்பமே போய்விடும் போல இருந்தது.

சாயந்தரம் சாமி வந்தார். இரண்டு பக்கக் கதையையும் கேட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டார். தகட்டைத் திரும்ப வைக்கச் சொல்லி, மந்திரித்து, நாலு துளி தீர்த்தம் தெளித்தார்.

குழியோரம் குந்தியிருந்த அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். "கொஞ்சம் தாராளமா ஊத்துங்க சாமி. எர்த்துக்கு ஈரம் வேணும்."

சாமி போத்தலைக் கவிழ்த்தார்.

"இன்னொரு வாளி இருந்தா நல்லதுங்க."

மாமியாரே ஒரு வாளி தண்ணீர் கொண்டுவந்து, சாமியிடம் மந்திரித்து வாங்கி ஊற்றினார்.

குழியில் இருந்து ஒரு பச்சை வயர் டெக்கின் தகர உடம்புக்குப் போனது. "அதெல்லாம் எதுக்குண்ணே, போடுங்க," என்று என் வீட்டுக்காரர் அவசரப்பட்டார். அண்ணன் அசையவில்லை. டெக், டீவி, இரும்பு ஸ்டாண்ட் எல்லாவற்றையும் புறங்கையால் தட்டிப் பார்த்த பிறகுதான் சுவிட்சைப் போட்டார்.

டீவியில் ராணி வந்தாள். இளைத்திருந்தாள். தலையில் முக்காடு. "அம்மா, சாப்புட்டீங்களா?" என்றாள்.

அரிசி களைந்துகொண்டிருந்த மாமியார் ஈரக் கையோடு ஓடிப்போய், டெக்கையும் டீவியையும் சேர்த்துக் கட்டிப்பிடித்தார். நாங்கள் எல்லோரும் மூச்சை விடவில்லை. ஒன்றும் ஆகவில்லை. ராணி மட்டும் அவர் கன்னத்துக்குக் கீழே பேசிக்கொண்டே இருந்தாள்.

"அம்மா இப்படித்தான் போய்ப் புடிப்பாங்கன்னு மொத நாளே தெரியும்," என்றார் அண்ணன். "அதுக்குத்தாங்க எர்த்து."

அன்று மாமியார் தன் கையாலேயே தேத்தண்ணி ஊற்றி நீட்டினார். அண்ணன் தட்டிப் பார்க்காமல் வாங்கிக் குடித்தார். நான் கதவுக்குப் பின்னால் இருந்து வெளியே வந்து, "இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுங்களாண்ணே?" என்று கேட்டேன். அவரிடம் நான் பேசிய முதல் பேச்சு அதுதான்.